திடலைத் திறந்து தாருங்கள்: கிளைடர் விடும் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திடல் குழுத் தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் மாதம் திடலின் தெற்கு மூலையில் புல் எரிந்ததற்கு நான்தான் பொறுப்பு. பிள்ளைகள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்று காலை ஏவலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தவன் நான். வேறு எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகு வாசலில் நீங்கள் மாட்டிய பலகையில், 'பட்டாசு, ராக்கெட் எதையும் இங்கே கொளுத்தக் கூடாது' என்று இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் நாங்கள் நடத்திவந்த கிளைடர் பயிற்சி அத்தோடு நின்றுபோனது. கிளைடர் என்றால், சிறு ராக்கெட் மோட்டாரால் ஏறி, பிறகு இறக்கையால் மிதந்து இறங்கும் மர விமானம். குழுவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பெற்றோர்கள் என்னைக் கேட்கிறார்கள், பிள்ளைகளும் கேட்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உங்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. நாங்கள் விடுவது என்ன பொருள், அது எப்படி வேலை செய்கிறது என்று உங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதே இல்லை. தீ பிடிப்பதற்கு முன்பே நான் வந்து பேசியிருக்க வேண்டும்.

முதலில் அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில், குளிர்காலம் முடியும் நேரத்தில், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் பக்கத்துப் புல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மாதக்கணக்கில் நல்ல மழை இல்லாமல் வைக்கோல்போலக் கிடக்கும். அன்று காலை எட்டு மணிக்கு காற்று அமைதியாகத்தான் இருந்தது. ஒன்பதரைக்கு மேல் மலைப்பக்கத்திலிருந்து பெர்க் காற்று இறங்கியது. அந்தச் சூடு முகத்தில் அடித்ததுமே எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருக்க வேண்டும். பிள்ளைகள் மூன்று வாரமாகக் காத்திருந்தார்கள். 'இன்னும் ஒன்றே ஒன்று தாத்தா' என்றார்கள். சரி என்றேன். மோட்டாரின் நெருப்பு தரையில் படாமல் இருக்க ஏவுகம்பிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைப்போம். எங்கள் தட்டு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான். பொறி அதைத் தாண்டித் தெறித்தது. ஈரச் சாக்கும் இரண்டு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருந்ததால் சில நிமிடங்களில் அணைத்துவிட்டோம். ஒரு கல்யாணப் பாய் விரிக்கும் அளவுக்குப் புல் கருகியது. யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தவறு இவ்வளவுதான்: காய்ந்த புல், சூடான காற்று, சிறிய தட்டு, என் இளகிய மனம். நான்கையும் திருத்த முடியும். திருத்த முடியாத ஆபத்தாக இருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

உங்கள் பலகை எங்கள் கிளைடரைப் பட்டாசோடு சேர்த்துவிட்டது. தீபாவளிக்கு விடும் ராக்கெட் வாணத்தை நினைத்துத்தான் அப்படி எழுதியிருப்பீர்கள். வாணம் ஒரே முறைதான் ஏறும். எங்கே போய் விழும் என்று விட்டவருக்கே தெரியாது, விழுந்ததைத் தேடி எடுக்கவும் யாரும் போவதில்லை. எங்கள் கிளைடரைப் பிள்ளைகள் பால்சா மரத்தகட்டில் இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்து செய்கிறார்கள். இறக்கைகள் விரித்தால் ஒரு முழத்துக்குக் குறைவு, எடை 25 கிராம்கூட வராது. மூக்கின்மேல் ஒரு சிறு கூடு, அந்தக் கூட்டுக்குள் மோட்டார். மோட்டார் எரிவது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். அந்த வேகத்திலேயே கிளைடர் மேலும் ஏறிப்போகும். உச்சியை நெருங்கும்போது மோட்டாருக்குள் இருக்கும் சிறு மருந்து தட்டிவிட, கூடு கழன்று தன் நாடாவோடு தனியாக இறங்கும். அப்புறம் கிளைடர் வெறும் மரமும் காற்றும்தான். நெருப்பும் இல்லை, சத்தமும் இல்லை. வட்டமிட்டு வட்டமிட்டு நம் தலைக்கு மேலேயே இறங்கி வரும். எங்கள் பிள்ளைகளின் நல்ல பறப்பு இதுவரை 41 நொடி. அதில் மோட்டாரின் பங்கு ஒரு நொடிகூட இல்லை. மிச்சம் 40 நொடியும் உப்புத்தாளால் இறக்கையைத் தேய்த்த கையின் வேலை.

இதில் என்ன படிப்பு இருக்கிறது என்று ஒரு உறுப்பினர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராக்கெட்போல ஏறவும் பறவைபோல இறங்கவும் ஒரே உடம்பு வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கிளைடர் மெதுவாக மிதந்து இறங்க வேண்டுமானால் இறக்கை காற்றைச் சற்றே மேல்நோக்கிச் சந்திக்கும்படி வாலைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அதே சரிசெய்தல் ஏறும்போது எதிரியாகிவிடுகிறது. இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மிதக்கும் வேகத்தைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் ஏறினால் தூக்குவிசை 36 மடங்கு. மூக்கு பின்னால் வளைந்து, கிளைடர் ஒரு குட்டிக்கரணம் அடித்து, நேராகத் தரையில் குத்தும். எங்கள் வகுப்பில் 11 வயதுப் பெண் ஒருத்தி செய்த முதல் கிளைடர் அப்படித்தான் நொறுங்கியது. அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, 'தாத்தா, ஏறும்போது மூக்கு கனமாகவும் இறங்கும்போது லேசாகவும் இருக்க முடியுமா?' என்று கேட்டாள்.

முடியும். இந்தப் பொழுதுபோக்கின் மொத்த வரலாறும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான். மோட்டாரை முன்னால் வைத்தால் ஏறும்போது எடையின் மையம் முன்னால் இருக்கும், கிளைடர் நேராகப் போகும். கூடு கழன்றதும் மையம் பின்னால் நகர்ந்துவிடும், மிதக்கத் தயார். கூட்டைக் கழற்ற வேண்டாம் என்று நினைப்பவர்கள் வாலில் அசையும் ஒரு பட்டையை ரப்பர் வளையத்தால் இழுத்து வைப்பார்கள். மோட்டார் இருக்கும்வரை அது பட்டையை நேராக அழுத்திப் பிடிக்கும், மோட்டார் போனதும் ரப்பர் பட்டையை மேலே இழுக்கும். இறக்கையையே மடித்து ஏறவிட்டு மேலே போய் விரிய வைப்பவர்களும் உண்டு. எந்த வழியாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: எடை எங்கே, விசை எங்கே, எந்த நொடியில் என்ன மாறுகிறது.

எல்லா முறையும் சரியாக நடப்பதில்லை. கழன்ற கூட்டின் நாடா இறக்கையில் சிக்கிக்கொண்டு இரண்டும் சேர்ந்து சுழன்று விழுவதும் உண்டு. அதற்கு அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரர்கள் முதல் உலகப்போர் விமானியின் பட்டப்பெயரான 'ரெட் பாரன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதற்கு 'சேலை சிக்கிச்சு' என்கிறார்கள். அந்தப் பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏவும் நாளுக்கு முன் எத்தனை நாள் வேலை என்பதையும் நீங்கள் பார்த்ததில்லை. மோட்டார் இல்லாமல் கையால் எறிந்தே கிளைடரைச் சரிசெய்ய வேண்டும். மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் மூக்கில் ஒரு துளி களிமண். நேராகக் கீழே பாய்ந்தால் கொஞ்சம் களிமண்ணை எடு. திடலுக்குள்ளேயே வட்டமிட வால்சுக்கானை மயிரிழை அளவு திருப்பு. ஒவ்வொன்றையும் நோட்டில் தமிழில் எழுதுகிறார்கள். 'பின்னெடை', 'முன்னெடை', 'இடச்சாய்வு' என்று அவர்களே சொல் உண்டாக்குகிறார்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள் இவர்கள். ஐந்து வருடமாகத் தமிழ் வகுப்பில் உதவி செய்கிறேன். செய்யுளை ஒப்பிக்கச் சொல்லும்போது வராத சொற்கள், கிளைடர் ஏன் விழுந்தது என்று சண்டை போடும்போது வருகின்றன. தமிழ்ச் சபை என்ற முறையில் இதை மட்டுமாவது நீங்கள் யோசிக்க வேண்டும்.

அடுத்து மோட்டார். உங்கள் பயம் அதன்மேல்தான், அந்தப் பயம் நியாயமானது. நாங்கள் மருந்து அரைப்பதில்லை, கலப்பதில்லை, அடைப்பதில்லை. தொழிற்சாலையில் செய்து வரும் மோட்டாரைத்தான் வாங்குகிறோம். கட்டைவிரல் பருமனில் அட்டைக் குழாய், 7 சென்டிமீட்டர் நீளம், களிமண் துவாரம். நாங்கள் பயன்படுத்துவதன்மேல் 'ஏ8-3' என்று அச்சிட்டிருக்கும். 'ஏ' என்றால் மொத்த உந்துதல் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி. 8 என்பது சராசரி விசை, நியூட்டனில். 3 என்பது எரிந்து முடிந்தபின் கூடு கழலும்வரை காத்திருக்கும் நொடிகள். ஒவ்வொரு எழுத்து ஏற ஏற உந்துதலின் உச்ச அளவு இரட்டிப்பாகும்: ஏ, பி, சி, டி. எங்களிடம் இருப்பது ஏ மட்டும். உள்ளே இருக்கும் உந்துமருந்து மூன்று கிராமுக்குச் சற்று மேல்.

இப்படி ஒரு மோட்டார் ஏன் வந்தது என்ற கதையைக் குழு தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இது நம் கதையும்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் ஆர்வில் கார்லைல் என்று ஒரு செருப்புக்கடைக்காரர் இருந்தார். பட்டாசுமேல் கொள்ளை ஆசை அவருக்கு. 1954-இல், மாதிரி விமானங்களில் ஈடுபாடுள்ள தன் சகோதரர் ராபர்ட்டுக்காக, மாற்றக்கூடிய சிறு மோட்டாரும் பாராசூட்டும் கொண்ட காகித ராக்கெட் ஒன்றைச் செய்தார். அந்தக் காலத்தில் பையன்கள் வீட்டு நிலவறையில் தாங்களே மருந்து கலந்து இரும்புக் குழாயில் அடைத்துக் கை கண்ணை இழந்துகொண்டிருந்தார்கள். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் 1957-இல் இந்த ஆபத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த கார்லைல் தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். அதே வருடம் அக்டோபர் 4-ஆம் தேதி உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் மேலே போனது. பையன்களைத் தடுத்து நிறுத்த முடியாது, அவர்கள் கையில் பாதுகாப்பான ஒன்றைக் கொடுத்தால்தான் உயிர் தப்பும் என்று பெரியவர்கள் அப்போது புரிந்துகொண்டார்கள். டென்வரில் வெர்ன் எஸ்டெஸ் அந்த மோட்டார்களை வரிசையாகச் செய்ய ஓர் இயந்திரமே கட்டினார். குழாய் உலோகமாக இருக்கக் கூடாது, மருந்தை யாரும் தொடக் கூடாது, நெருப்புக்குச்சியால் பற்றவைக்கக் கூடாது, தூரத்திலிருந்து மின்கம்பியால்தான் ஏவ வேண்டும் என்ற விதிகள் அந்த விபத்துகளிலிருந்து பிறந்தவை.

இப்போது நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பலகை மாட்டி ஆறு வாரம் கழித்து, வகுப்புக்கு வரும் ஒரு பையனின் பைக்குள் ஓர் அலுமினியக் குழாயைப் பார்த்தேன். தீக்குச்சித் தலைகளைச் சுரண்டி நிரப்பி, ஒரு முனையை இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் விட்டுப் பார்க்கப் போகிறானாம். நான் அதை வாங்கித் தண்ணீர் வாளிக்குள் போட்டபோது என் கை நடுங்கியது. 40 வருடம் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். நசுக்கிய உலோகக் குழாய் வெடித்தால் விரல்களை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவன் கெட்ட பையன் இல்லை. எங்கள் திடலில் வரிசையில் நின்று, ஐந்து, நான்கு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தவன். திடல் பூட்டிய பிறகு அவனுடைய ஆர்வத்துக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பெரியவர்கூட இல்லாமல் போனது.

ஆகஸ்டில் எரிந்த புல் அக்டோபர் மழையில் திரும்ப முளைத்துவிட்டது. எனக்கு அந்தக் குழாய்தான் பயம்.

நானும் அந்த வயதில் அப்படி இருந்தவன். எங்கள் அப்பா டர்பன் மாநகராட்சித் தொழிலாளி. சோம்ட்சு ரோட்டுப் பக்கம் மேகசின் பாரக்ஸ் வரிசை வீட்டில்தான் வளர்ந்தேன், சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது அப்புறம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது என் சித்தப்பா ஒரு ஜெடெக்ஸ் மோட்டார் வாங்கி வந்தார். இங்கிலாந்தில் 1948 முதல் விற்ற சாமான் அது. விரல்நுனி அளவு உலோகக் கூடு, உள்ளே மாத்திரைபோல ஒரு வில்லை. அது வெடிமருந்து இல்லை, குவானிடின் நைட்ரேட். இழுத்து இழுத்து மெல்ல எரியும். கிளைடரின் அடிவயிற்றில் மாட்டி விட்டால் சீறிக்கொண்டு தானாகவே ஏறும். சித்தப்பாவும் நானும் ஒரு கிளைடர் செய்தோம். விடுவதற்கு இடம் இல்லை. பூங்கா, கடற்கரை, விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் தோலின் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலம். மாதிரி விமானம் விடும் நல்ல புல்தரைகள் எங்களுக்கு இல்லை. இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த சந்தில் விட்டோம். கூரையில் மோதி உடைந்தது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் ஏணி வைத்து ஏறி துண்டுகளை எடுத்து வந்தார்.

உங்களை அந்தக் காலத்து அதிகாரிகளோடு நான் ஒப்பிடவில்லை. அப்படி நினைத்தால் அது பெரிய அநியாயம். நம் பெரியவர்கள் கூலிப்பணத்தில் ஒவ்வொரு ஷில்லிங்காகச் சேர்த்து உண்டாக்கிய சபை இது, இந்தத் திடலும் அப்படி வந்ததுதான். நமக்கென்று ஒரு திடல் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. நம் ஊர்ப் பல்கலைக்கழகமான குவாசுலு-நேட்டால், ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் மாணவர்களை வைத்து ராக்கெட் செய்கிறது. அதன் பெயர் 'ஃபீனிக்ஸ்', நம் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் குடியிருக்கும் ஊரின் பெயர். 2021 மார்ச் 8-ஆம் தேதி மேற்கு கேப்பில் உள்ள ஓவர்பெர்க் சோதனைத் தளத்திலிருந்து அது 17.9 கிலோமீட்டர் உயரம் போனது. அதன் எரிபொருள் மெழுகு, மெழுகுவத்தி செய்கிற அதே பாரஃபின் வகை. இதைச் சொன்னால் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்க வேண்டும். பேருந்தில் போய்வரும் தூரத்தில் அந்தக் கட்டிடம் இருக்கிறது. இங்கிருந்து அங்கே போக ஒரு வழி வேண்டாமா?

சரி, நான் கேட்பது இதுதான். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை, புல் பச்சையாக இருக்கும் மாதங்களில் மட்டும், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் திடலைத் தாருங்கள். மே முதல் அக்டோபர்வரை ஒரு மோட்டார்கூட வெளியே வராது, அந்த மாதங்களில் கையால் எறியும் கிளைடர் மட்டும். கோயில் விசேஷ நாள், காவடிக்கு விரதம் இருப்பவர்கள் கூடும் நாள் எதிலும் நாங்கள் வர மாட்டோம். அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கத்தின் விதிப்படி ஏ மோட்டாருக்குத் திடலின் குறுகிய பக்கம் 30 மீட்டர் இருந்தால் போதும், பி என்றால் 60, சி என்றால் 120. நம் திடலின் குறுகிய பக்கத்தை நான் நாடா பிடித்து அளந்தேன், 64 மீட்டர். பி மோட்டாருக்கே இடம் இருந்தும் நாங்கள் ஏ-யைத் தாண்ட மாட்டோம். ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் போதும் என்கிற இடத்தில் பத்து மீட்டர் நிற்போம். பற்றாமல் போனால் ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்த பிறகுதான் நான் மட்டும் பக்கத்தில் போவேன். தகரத் தட்டை ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி வைத்துவிட்டேன். ஏவும் இடத்தைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, மணல் கொட்டி, தண்ணீர் ஊற்றித்தான் தொடங்குவோம். காற்று அளக்கும் கருவி ஒன்றை ஒரு பெற்றோர் வாங்கித் தந்திருக்கிறார். முக்கியமாக, 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் இருக்க வேண்டாம். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் நான் இளகிவிடுவேன் என்று ஆகஸ்டில் தெரிந்துபோயிற்று. குழுவிலிருந்து ஒருவர் வந்து நில்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் பேச்சே இல்லாமல் பெட்டியை மூடுகிறோம்.

மோட்டார்களைப் பூட்டிய இரும்புப் பெட்டியில் நான் வைத்திருக்கிறேன், எந்தப் பிள்ளையும் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. வெடிபொருள் சட்டம் இருக்கிறது, மாநகராட்சி விதிகள் இருக்கின்றன, வானத்துக்கு விமானப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் எழுதிக் கேட்க நான் தயார். ஆனால் அவர்கள் எல்லோரும் முதலில் கேட்கப்போவது நிலத்துக்காரரின் சம்மதம். அந்தக் கையெழுத்து உங்களுடையது. அது இல்லாமல் நான் எந்தக் கதவையும் தட்ட முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்ப் பேசிவிட்டேன். வேலியை ஒட்டிய வீட்டு அம்மா, தன் நாய் தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் என்று கவலைப்பட்டார். எங்கள் மோட்டார் ஏறும்போது வருவது சீறல், மேலே கூடு கழலும்போது கைதட்டினாற்போல ஒரு சின்னச் சத்தம். வந்து கேட்டுப் பாருங்கள், நாய் பயந்தால் நிறுத்திவிடுகிறோம் என்றேன். சரி என்று சொல்லியிருக்கிறார்.

அந்த 11 வயதுப் பெண்ணின் இரண்டாவது கிளைடர் தயார். வாலில் ரப்பர் வளையம் வைத்து, தானே யோசித்துச் செய்தது. வகுப்பறை அலமாரிக்குமேல், நீலத் துணி மூடி வைத்திருக்கிறாள். கையால் எறிந்து பார்த்ததில் நன்றாகவே மிதக்கிறது. ஆனால் உண்மையாக ஏறி, மேலே போய், அந்தப் பட்டை சரியான நொடியில் தூக்குகிறதா என்று இன்னும் அவளுக்குத் தெரியாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். எரிந்து முடிந்த ஒரு மோட்டாரை நெடுக்காகப் பிளந்து வைத்திருக்கிறேன், உள்ளே எது எங்கே இருந்தது என்று கையில் வாங்கிப் பார்க்கலாம். அந்தக் கிளைடரையும் கொண்டு வருகிறேன். அவளும் வருவாள். கேள்விகளை அவளிடமே கேளுங்கள், தமிழிலேயே பதில் சொல்வாள்.

பணிவன்புடன்,
சனிக்கிழமை வகுப்பின் மரவேலைத் தாத்தா,
சாட்ஸ்வொர்த், டர்பன்